ஊசி குத்திவிட்டால்? செட்டிநாட்டுப் பக்கம் நர்ஸ்கள், லேப்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் லேபுகளிலும் வேலை பார்ப்பவர்கள், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தங்களையே குத்திவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் தொற்றுத் தடுப்பு வேலை பார்க்கும் நர்ஸ், அதனால் போனில் முக்கால்வாசி இதே பேச்சுதான். இப்போதுதான் குத்தியது, கை நடுங்குகிறது என்றால் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் குத்தியது. என்ன செய்ய?

கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். நோயாளிக்கு ஆபத்து இல்லாதபடி பக்கத்தில் இருப்பவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுக் குழாயடிக்குப் போங்கள். க்ளவுஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். முதலுதவி அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் கிடையாது.

அடுத்து ட்யூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், காலையில் பெரிய டாக்டர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் தள்ளிப்போட வேண்டாம். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி, என்ன வகை ஊசி, எத்தனை மணிக்குக் குத்தியது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வதுதான் உத்தமம். 72 மணி நேரம் தாண்டிவிட்டால் அதை ஆரம்பிப்பதில் பயன் இல்லை என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. உங்களிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த நேரம்தான். கழுவிவிட்டு, 'ஒண்ணும் ஆகாது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதைத் தடுக்கத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ரத்தத்தைப் பிதுக்கி எடு, ஸ்பிரிட்டில் விரலை முக்கு என்கிறார்களே?

வேண்டாம். பிதுக்கினால் அந்த இடத்துத் திசு நசுங்கி இன்னும் ரணமாகும், உள்ளே போனது வெளியே வருவதற்கு ஆதாரம் இல்லை. வாயில் வைத்து உறிஞ்சுவது அதைவிட மோசம். டெட்டால், ஸ்பிரிட், ஹைப்போ (ப்ளீச்சிங் கரைசல்) எதையும் காயத்தில் ஊற்ற வேண்டாம், குறிப்பாக ஹைப்போ தோலையே அரித்துவிடும். தரையில் சிந்திய ரத்தத்துக்குத்தான் ஹைப்போ: 1 சதவீதக் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பது. விரலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

எவ்வளவு பயப்பட வேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதுதான் இந்தக் கணக்கு. நோய் இல்லாதவரின் ஊசி என்றால் இந்த எண்களே உங்களுக்கு இல்லை.

ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்திய ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்குத் தொற்றும், அதுவும் தடுப்பு மாத்திரை எடுக்காவிட்டால். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி என்றால் பழைய ஆய்வுகளில் நூற்றுக்கு 2-க்குக் கொஞ்சம் கீழே, புதிய ஆய்வுகளில் அதைவிடக் குறைவு. ஹெபடைட்டிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவர் என்றால், நோயாளியின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து நூற்றுக்கு 6-லிருந்து 30 வரை போகும்.

கவனித்தீர்களா? எல்லோரும் ஹெச்.ஐ.வி. என்றுதான் அலறுகிறார்கள், அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி. காய்ந்த ரத்தத்தில்கூட அந்த வைரஸ் ஒரு வாரமாவது உயிரோடு கிடக்கும். வேடிக்கை என்னவென்றால் தடுப்பூசி இருப்பதும் அதற்குத்தான், மற்ற இரண்டுக்கும் கிடையாது. இருந்தும் போடாமல் சுற்றுகிறோம்.

எல்லாக் குத்தும் ஒன்றல்ல. ரத்தம் எடுத்த ஊசியும் ட்ரிப்ஸ் ஏற்றப் போடும் வென்ஃப்ளான் ஊசியும் உள்ளே துளை உள்ளவை, ரத்தம் அதில் தங்கியிருக்கும். தையல் ஊசி கெட்டியானது, அதனால் ஆபத்து குறைவு. ஆழமாகக் குத்தியது, கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் இருந்தது, நரம்புக்குள்ளோ தமனிக்குள்ளோ போய் வந்த ஊசி, நோயாளிக்கு நோய் முற்றிய நிலை என்றால் ஆபத்து கூடும். மருந்து ஏற்றும்போது, நோயாளியைத் தொடும் முன்னாலேயே புது ஊசி குத்திவிட்டது என்றால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள். அதற்கு மாத்திரை எல்லாம் தேவையில்லை.

ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டேனா என்றே ஞாபகம் இல்லை.

அப்படியென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்த, குழந்தைகளுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில்தான் வந்தது. இப்போது வேலையில் இருக்கிற பெரும்பாலோர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். நர்ஸிங் காலேஜில் சேரும்போது 'ஒரு ஊசி போட்டார்களே' என்று பலர் சொல்கிறார்கள், அது முதல் டோஸாக மட்டும் இருந்திருக்கலாம். மொத்தம் மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. நடுவில் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் 'ஆன்டி ஹெச்.பி.எஸ். டைட்டர்' என்ற ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தம், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் எண் குறைந்தாலும் உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும், பூஸ்டர் தேவையில்லை. தாளை போனில் படம் பிடித்து வையுங்கள். ஆஸ்பத்திரி மாறும்போது பழைய ஃபைலைத் தேடித் தருவார் யாருமில்லை.

மூன்று டோஸும் போட்டும் டைட்டர் 10-க்குக் கீழேதான் வந்தது. வீணா?

வீண் இல்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆகும். வயது கூடினாலும், எடை கூடினாலும், புகைப்பழக்கம் இருந்தாலும் இது அதிகம். இன்னொரு முறை மூன்று டோஸும் போட்டுத் திரும்பப் பாருங்கள், பலருக்கு இரண்டாம் சுற்றில் ஏறிவிடும். அப்போதும் ஏறவில்லை என்றால் உங்களுக்குத் தடுப்பூசி வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டதே லாபம்தான். அப்படிப்பட்டவருக்கு ஹெபடைட்டிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போட வேண்டும், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. தடுப்பூசியே போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலின் ஒரு முறை, அதோடு தடுப்பூசியின் முதல் டோஸும் அன்றைக்கே, வேறு வேறு கையில். இதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, ஏழு நாள் வரை போடலாம். விலை அதிகம், சின்ன ஊர் மருந்துக் கடையில் சட்டென்று கிடைக்காது. முன்கூட்டியே மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்வது அதைவிட எத்தனையோ மலிவு.

ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இங்கே எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவமனையில், இலவசமாக. நம் பக்கத்துக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனை, அல்லது சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பொன்னமராவதி பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி கிட்ட. அங்கே ஹெச்.ஐ.வி. மருந்து தரும் கூட்டு மருந்து சிகிச்சை மையம் பகலில்தான் திறந்திருக்கும். ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் நேராகக் காஷுவாலிட்டிக்குப் போய், 'வேலையில் ஊசி குத்திவிட்டது, பி.இ.பி. வேண்டும்' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். பி.இ.பி. என்றால் இந்தத் தடுப்பு மாத்திரைதான். 'கொஞ்சம் டாக்டரைப் பார்க்கணும்' என்று இழுத்தால் ஓ.பி. சீட்டு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

கிளம்பும் முன் போன் பண்ணி மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் பஸ்ஸில் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், போன பிறகு இல்லை என்றால் அந்த 2 மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். ஆலோசனைக்கு 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண் உண்டு, இலவசம்.

சின்ன நர்ஸிங் ஹோம் நடத்தும் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் டோஸுக்கான மாத்திரையை உங்கள் அலமாரியிலேயே வைத்திருங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் மாத்திரையை இங்கே போட்டுவிட்டு மீதிக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

அந்த மாத்திரை உடம்பைப் படுத்துமா?

பழைய மருந்துகளில் வாந்தி, மயக்கம், ரத்தசோகை என்று நிறைய பேர் பாதியில் விட்டார்கள், அந்தக் கதைதான் இன்னும் சுற்றுகிறது. இப்போது தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, 28 நாள். சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கம் சரியாக வராமை இருக்கும், பெரும்பாலும் முதல் வாரத்தோடு அடங்கிவிடும்.

மூன்று விஷயம் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்றால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்கான அன்டாசிட் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ இதைப் போட வேண்டும், சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருப்பவர் இந்த மாத்திரையை 28 நாளில் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் கிளம்பலாம்.

நோயாளிக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரியாமல் மாத்திரை ஆரம்பிப்பதா?

ஆமாம், டாக்டர் ஆபத்து இருக்கிறது என்று சொன்னால் ஆரம்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்து 'இல்லை' என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றிரண்டு மாத்திரை வீணாய்ப் போனால் எதுவும் குறைந்துவிடாது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்து நேரத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது.

நோயாளியிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே எடுத்த ரத்தத்தில் அவருக்குத் தெரியாமல் பார்த்துவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சட்டப்படி தப்பு. நிதானமாக, 'ஐயா, உங்களுக்குப் போட்ட ஊசி என் கையில் பட்டுவிட்டது, நான் மருந்து எடுக்கணுமா வேண்டாமா என்று தெரிய உங்கள் ரத்தத்தைப் பார்க்க வேண்டும், ரிசல்ட் வெளியே போகாது' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கும்பலாக நின்று வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டால் யார்தான் ஒத்துக்கொள்வார்?

ஒத்துக்கொள்ளவே இல்லை, அல்லது யாருடைய ஊசி என்றே தெரியவில்லை என்றால் காயத்தின் தன்மையை வைத்து டாக்டர் முடிவு செய்வார். குத்திய ஊசியையே லேபுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லாதீர்கள். அதில் வரும் முடிவை நம்ப முடியாது, சோதிப்பவருக்கும் அது குத்தும்.

ஹெபடைட்டிஸ் சி-க்கு என்ன செய்வது?

தடுப்பூசியும் இல்லை, முன்தடுப்பு மாத்திரையும் இல்லை. ஆனால் வந்துவிட்டால் குணப்படுத்த முடிகிற நோய் இது. 3 முதல் 6 வாரத்துக்குள் கிருமியையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை, ஆறு மாதம் வாக்கில் ஆன்டிபாடி பரிசோதனை. பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் முழுக்கக் குணம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

பயன்படுத்திய ஊசிக்குக் கேப் (மூடி) போடக் கூடாது என்கிறார்கள். கேப் போடாமல் எப்படி எடுத்துக்கொண்டு நடப்பது?

நடக்கவே கூடாது, அதுதான் பதில். கேள்வியே ஊசி, பிளேடு போடும் ஷார்ப்ஸ் பெட்டி தூரத்தில் இருப்பதால்தான் வருகிறது. இருபது பெட்டுக்கு ஒரு ஷார்ப்ஸ் பெட்டியை நர்ஸிங் ஸ்டேஷன் மூலையில் வைத்துவிட்டு 'கேப் போடாதே' என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் என்ன பிரயோஜனம்? ஊசியை உருவியதும் கை நீட்டும் தூரத்தில் பெட்டி இருக்க வேண்டும். ட்ராலியில் ஒன்றை மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

குத்துவதில் பெரிய பங்கு ஊசி போடும்போது நடப்பதில்லை, போட்டு முடித்த பிறகுதான் நடக்கிறது. மூடியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியை உள்ளே விடும்போது ஒரு இம்மி தவறினால் இடது ஆள்காட்டி விரலில் ஏறும். வேறு வழியே இல்லை, மூடித்தான் ஆக வேண்டும் என்றால் மூடியை ட்ரேயில் படுக்கவைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் விட்டு அள்ளித் தூக்கி, பிறகு ட்ரேயின் மேல் அழுத்தி இறுக்குங்கள். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கையால் கழற்றுவது, ஊசியை வளைப்பது, மெத்தையில் குத்தி வைப்பது, ட்ரிப்ஸ் பாட்டிலின் ரப்பரில் சொருகி வைப்பது எல்லாம் ஒழிய வேண்டிய பழக்கங்கள். கடைசியாகச் சொன்னதைச் சீனியர்களே செய்கிறார்கள், ஜூனியர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஷார்ப்ஸ் பெட்டி இல்லை, ஊசியைச் சுட்டு அழிக்கும் நீடில் பர்னர் மட்டும்தான்.

2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளை நிற, உள்ளே தெரிகிற, குத்தினாலும் ஓட்டை விழாத, ஒழுகாத, திறக்க முடியாத பெட்டிக்குள் போக வேண்டும். பர்னரில் சுட்டாலும் கட்டரில் நறுக்கினாலும் அந்த ஊசித் துண்டுகளும் அதே வெள்ளைப் பெட்டிக்குத்தான். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சும் ட்ரிப்ஸ் ட்யூபும் சிவப்புக்கு, மருந்துக் குப்பி நீலத்துக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு.

என் அபிப்பிராயம், ஊசியைத் தொட்டு ஒரு வேலை கூடினால் குத்துவதற்கு ஒரு வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே பர்னரைவிடப் பக்கத்தில் இருக்கிற பெட்டியைத்தான் நம்புவேன். ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் பர்னரைப் போட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தனியாகப் பகீரென்கிறது.

பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பி, மேலே நிற்கிற சிரிஞ்சைக் கையால் அமுக்கி உள்ளே தள்ளுகிறார்களே, அப்போது அடியில் கிடக்கிற பத்து ஊசியில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

நான் தூய்மைப் பணியாளர். குப்பைப் பையைத் தூக்கும்போது காலில் குத்தியது. எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு அக்கா, நர்ஸுக்கு என்னவோ அதேதான் உங்களுக்கும். சொல்லப்போனால் உங்களுக்குத்தான் முதலில் தர வேண்டும், ஏனென்றால் மற்றவர் அலட்சியமாகப் போட்டதுதான் உங்களைக் குத்துகிறது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் நிர்வாகம் போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்கின்றன. காண்ட்ராக்டில் வந்தாலும் மாற்றமில்லை. 'நீங்கள் கம்பெனி ஆள், எங்கள் ஆள் இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

குப்பையில் கிடந்த ஊசி யாருடையது என்று தெரியாது, அழுக்கும் பட்டிருக்கும். கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பையை உடம்போடு அணைத்துத் தூக்காமல் கழுத்தைப் பிடித்துத் தள்ளி வைத்துத் தூக்குங்கள், அடியில் கை கொடுக்க வேண்டாம். செருப்பு போதாது, மூடிய காலணி கேளுங்கள். மெல்லிசு க்ளவுஸ் எதற்கும் உதவாது, தடித்த ரப்பர் கையுறையாக வேண்டும்.

வீட்டுக்குப் போய் ஆச்சிக்கு இன்சுலின் போடுகிறேன். வீட்டு ஊசியை எங்கே போடுவது?

நம் ஊரில் இது பெரிய விஷயம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும். காலையும் மாலையும் ஊசி போட ஒரு பெண் வந்துபோவார். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நடந்தாலே கால் வலிக்கிற வீட்டில் ஊசி போட மட்டும் ஒரு பெட்டி இருக்காது. பயன்படுத்திய ஊசி மூடி போட்டபடி ஜன்னல் விளிம்பிலோ மருந்து டப்பாவிலோ கிடக்கும். அப்புறம் கேரிபேக்கில் கட்டிக் குப்பை வண்டிக்காரரிடம் போகும்.

ஹோம் நர்ஸாகப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு தடித்த பிளாஸ்டிக் கேன் கேட்டு வாங்குங்கள், திருகு மூடி உள்ளதாக. தரை கழுவும் திரவம் வந்த கேன் நல்லது. தண்ணீர் பாட்டில் மெல்லிசு, ஊசி வெளியே வந்துவிடும். ஊசி போட்டதும் மூடி போடாமல் நேராக அதற்குள் போடுங்கள், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஷார்ப்ஸ் கழிவோடு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். வீட்டு ஊசியும் சிரிஞ்சும் வீட்டு அபாயக் கழிவு, தனியே தர வேண்டும் என்றுதான் 2016 திடக்கழிவு விதிகளும் சொல்லின.

இன்சுலின் பேனாவைப் பற்றி ஒன்று. ஐயாவுக்கும் ஆச்சிக்கும் ஒரே மருந்து என்பதால் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு ஒரே பேனாவில் இருவருக்கும் போடுகிற வீடுகள் இருக்கின்றன. கூடாது. ஊசி மாறினாலும் ரத்தம் பேனாவுக்குள் திரும்பி வர வாய்ப்பு உண்டு. சர்க்கரை பார்க்கும் லான்செட் கருவியும் ஆளுக்கு ஒன்று.

சிறாவயல் மஞ்சுவிரட்டு நாளில் காஷுவாலிட்டி கூட்டத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு அடுத்தடுத்த நாட்களில் மாடு முட்டிய காயம், குத்திக் கிழித்த தொடை என்று வரிசையாக வருவார்கள், கூட வந்தவர்கள் எல்லோரும் உள்ளே நிற்பார்கள், ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத் தையல் நடக்கும். குத்துவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நெரிசலில்தான்.

முன்னாலேயே செய்து வைக்கக்கூடியது இது: ஒவ்வொரு தையல் மேஜைக்கும் ஒரு பெட்டி, ஒரு ஆள் கூடுதலாகப் பிடித்துக்கொள்ள. குடித்திருப்பவருக்கும் துடிக்கிற குழந்தைக்கும் தனியாக ஊசி போடவே போடாதீர்கள். ஊசியை விரலால் பிடிக்காமல் நீடில் ஹோல்டரால் மட்டுமே பிடியுங்கள். கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் நடுவில் கிட்னி ட்ரேயில் வைத்து எடுங்கள், வைக்கும்போது வாயால் 'ஊசி' என்று சொல்லுங்கள். யார் ஊசியை எடுத்தாரோ அவரேதான் பெட்டியில் போட வேண்டும். தைத்துவிட்டு ட்ரேயில் விட்டுப்போனால் சுத்தம் செய்ய வருகிற ஆயா கையில்தான் அது ஏறும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்களுக்கு மருத்துவ முகாம் போடுகிறவர்களும் கேட்கிறார்கள். கால் கொப்புளத்தை உடைக்க ஒரே தையல் ஊசியில் நூலைக் கோத்து, நெருப்பில் காட்டிவிட்டு, வரிசையாக எல்லோர் காலிலும் குத்துகிறார்கள். அந்த ஒரு ஊசியால் எத்தனை பேர் ரத்தம் கலக்கிறது பாருங்கள். உடையாத கொப்புளத்தை உடைக்காமல் கட்டுப்போட்டு விடுவதே நல்லது. உடைத்தே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு புது ஊசி. நடுரோட்டில் டார்ச் வெளிச்சத்தில் செய்கிற வேலை என்பதால் கேனையும் கூடவே தூக்கிக்கொண்டு போங்கள்.

ரத்தம் கண்ணில் தெறித்தது.

சுத்தமான தண்ணீரோ சலைனோ ஊற்றிச் சில நிமிடம் விடாமல் கழுவுங்கள், கண்ணைக் கசக்க வேண்டாம், சோப்பு வேண்டாம். லென்ஸ் போட்டிருந்தால் லென்ஸோடே முதலில் கழுவி, பிறகு லென்ஸை எடுத்துவிட்டு இன்னொரு முறை கழுவுங்கள். வாயில் போனால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளிக்கலாம். ஆபத்து ஊசியைவிடக் குறைவு, ஹெச்.ஐ.வி.க்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனாலும் டாக்டரிடம் சொல்வதும் பதிவதும் அதே மாதிரிதான்.

க்ளவுஸ் போட்டால் குத்தாதா?

குத்தும். ஆனால் ஊசியின் வெளிப்பக்கத்து ரத்தத்தைக் க்ளவுஸ் துடைத்துவிடும், உள்ளே போகிற அளவு நன்றாகவே குறையும். பெரிய ஆபரேஷனில் இரண்டு க்ளவுஸ் போடுவதும் அதற்காகத்தான். நரம்பு கிடைக்கவில்லை என்று விரல் நுனியில் க்ளவுஸைக் கிழித்துவிட்டு ரத்தம் எடுக்கிறவர்கள் க்ளவுஸே போடாதவர்கள்தான்.

கர்ப்பமாக இருக்கிறேன். மாத்திரை, தடுப்பூசி எடுக்கலாமா?

இரண்டுமே எடுக்கலாம், கர்ப்பத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. பால் கொடுக்கிற தாய் என்றால் ஹெச்.ஐ.வி. ஆபத்து இருக்கிற குத்துக்கு, பால் கொடுப்பதைப் பற்றித் தனியாக ஆலோசிக்க வேண்டும், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

குத்திய பின் பரிசோதனை முடியும் வரை, ஆறு மாதமும் வீட்டில் எப்படி இருப்பது?

சாதாரணமாக. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், சமைக்கலாம், வேலைக்கும் போகலாம். கணவன் மனைவிக்குள் ஆணுறை, ரத்ததானம் கூடாது, ரேஸரும் டூத் பிரஷும் தனியாக. ஹெச்.ஐ.வி. பரிசோதனை குத்திய அன்று ஒரு முறை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம். அன்றைய பரிசோதனை ஏன் என்று கேட்பார்கள்: 'இது எனக்கு முன்னால் இல்லை, வேலையில்தான் வந்தது' என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் வாழ்க்கைத் துணைக்காவது தெரிந்தால் 28 நாளும் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடும் அவஸ்தை இருக்காது. குமட்டுகிறதே என்று மாமியார் விசேஷம் எதுவும் இருக்குமோ என்று சந்தோஷப்படுவதையும் தவிர்க்கலாம்.

சொன்னால் வேலை போய்விடுமோ?

இந்தப் பயம்தான் ஊசியைவிடப் பெரிதாகக் குத்துகிறது. 'கவனமில்லாத பொண்ணு' என்று பெயர் வரும், சீனியர் சிஸ்டர் திட்டுவார், சம்பளத்தில் பிடிப்பார்கள், நோய் இருக்கிறது என்று ஊர் பேசும், இப்படித்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் நம் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவால் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனை காலமாகியும் அந்தப் பெயரைச் சொன்னாலே குரல் இறங்குகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19-ஆம் பிரிவின்படி மருத்துவச் சேவை தரும் எந்த நிறுவனமும் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி, வேலையில் ரத்தம் பட்டால் தடுப்பு மருந்து மூன்றையும் தர வேண்டும். ஐம்பது பெட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று அதில் இல்லை. ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

வார்டு பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு பொண்ணு வந்து 'குத்திடுச்சு சிஸ்டர்' என்றால் முதல் வாக்கியம் 'எப்படிக் குத்திக்கிட்டே?' என்று இருக்கக் கூடாது. 'கழுவிட்டியா, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். முதல் கேள்வியைக் கேட்டால் அடுத்த பொண்ணு உங்களிடம் வரமாட்டாள்.

ரெஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும்?

தேதி, மணி, இடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எந்த வகை ஊசி, க்ளவுஸ் போட்டிருந்தீர்களா, எவ்வளவு ஆழம், ரத்தம் தெரிந்ததா, நோயாளியின் ஐ.பி. எண், அவருடைய பரிசோதனை முடிவு, உங்கள் தடுப்பூசி விவரமும் டைட்டரும், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், மாத்திரை ஆரம்பித்தது எப்போது, அடுத்த பரிசோதனைத் தேதிகள். ரெஜிஸ்டரே இல்லாத ஆஸ்பத்திரி என்றால் ஒரு வெள்ளைத் தாளில் இதையெல்லாம் எழுதி, ட்யூட்டி டாக்டரின் கையெழுத்தும் சீலும் வாங்கி, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நகலை வீட்டில் வையுங்கள். பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியோடு கையெழுத்துக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.